எமில் மாஸ்டர் போன பிறகு

ஜனவரி 20, திங்கள்

ஜேர்சிகள் இன்னும் காயவில்லை. வீட்டில் இருக்கிற எல்லா ஹீற்றர்களிலும் நீலம் தொங்குகிறது. குளியலறைக் கதவில் கோல்காப்பாளரின் மஞ்சள். நேற்றைய பயிற்சி முழுக்கச் சேறு. அந்த ஈர மணத்துக்குள்ளேயே படுத்து, விடியமுதல் எழும்பி, சென் தெனியில் கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்யப் பார்க்கின்றன.

ஜேர்சியில் ‘புளியந்துறைக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் – பிரான்ஸ்’ என்று இருக்கிறது. பெயருக்குத்தான் கல்லூரி, ஊர்ப் பள்ளிக்கூடம்; நான் அதில் ஒரு நாளும் படித்ததில்லை. நான் பக்கத்து ஊர், கொன்றையடி. ஆனால் இவர் சங்கத் தலைவர். தலைவரின் மனைவிக்கு ஒரு பதவி உண்டு, அதற்குத் தேர்தல் கிடையாது: தோய்க்கிறது, றோல்ஸ் சுற்றுகிறது, தேத்தண்ணீர் ஊற்றுகிறது.

ஞாயிறு ஆண்டு ஒன்றுகூடல். றோல்ஸுக்குக் கிழங்கு இன்னும் வாங்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வந்து கால் நீட்டி இருக்கிறேன். மனம் சரியில்லை.

பாரிசில் லா சப்பலில் இருக்கிற எல்லா ஊர்ச் சங்கங்களும் ஆடுகிற உதைபந்தாட்டச் சுற்றுக்கிண்ணத்தை மூன்று வருடம் தொடர்ந்து நாங்கள் வென்றிருக்கிறோம். (பார், ‘நாங்கள்’ என்று எழுதுகிறேன்.) வென்று தந்தவர் எமில் மாஸ்டர். புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், பந்து பழக்குவதற்கு இந்த நாட்டில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வைத்திருப்பவர். ஒரு சதம் வாங்காமல் ஆறு வருடமாகப் பழக்குகிறார். அவருக்கு வருடத்தில் ஒரு நாள் பொன்னாடை, ஒரு கைதட்டல். அவ்வளவுதான் சம்பளம்.

இன்றைக்கு அதையும் கெடுத்தார்கள். மாநகரசபையில் இருந்து ஜிஸ்லேன் என்ற அம்மா வந்தார். சொல்லாமல் இன்னும் இருவரைக் கூட்டி வந்தார். தட்டில் இருந்த பொன்னாடைகள் அவர்களுக்குப் போய்விட்டன. எமில் மாஸ்டரை மேடைக்குக் கூப்பிடும்போது தட்டு வெறும் தட்டு. இவர் சுற்றிப் பார்த்தார். நகைக்கடை முதலாளி தனக்குப் போட்ட பொன்னாடையைக் கதிரையில் கொழுவிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். இவர் அதை எடுத்து, உதறி, மடித்து, சிரித்த முகத்தோடு மாஸ்டரின் தோளில் போட்டார்.

பின்னால் தேத்தண்ணீர்ப் பானையோடு நின்ற எனக்கே தெரிந்தது. ஓரத்தில் சந்தனம் பட்ட மஞ்சள், அதற்குக் கீழே றோல்ஸ் எண்ணெய். நான் பொரித்த எண்ணெய்! மாஸ்டர் குனிந்து பார்த்தார். அதற்குள் இவர் மைக்கில்: “எங்கடை ஊர் இல்லாட்டியும் எங்களுக்காகப் பாடுபட்டவர்!” சனம் கைதட்டியது. மாஸ்டர் சாப்பிடாமல் போய்விட்டார்.

காரில் கேட்டேன்: “அந்த மனுசனுக்கு ஒரு புதுசு இல்லாமல் போச்சோ?”

“துணிதானே கோசலை. அவர் உதுகளைப் பாக்கிற ஆள் இல்லை.”

துணிதானே. இதைத் தோய்க்கிறவளிடம் சொல்கிறார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

எமில் மாஸ்டர் பயிற்சிக்கு வரவில்லை. மழை என்று இவர் சொல்கிறார். மழைக்கு நிற்கிற ஆளா அவர்?

பெப்ரவரி 8, சனி

சனிக்கிழமைகளில் லா சப்பலில் எங்கள் பலசரக்குக் கடையில் நிற்பேன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து வரும் சனம் முதலில் காண்பது எங்கள் மரக்கறிப் பெட்டிகளைத்தான். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு மேலே தட்டில் சுற்றுக்கிண்ணம். வென்ற சங்கம் அதை ஒரு வருடத்துக்கு லா சப்பலில் ஒரு கடையில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும் என்பது வழக்கம். விருந்தாளியாக வந்த கிண்ணம் மூன்று வருடமாகக் குடியிருக்கிறது. தூசி தட்டுவதும் நான்தான்.

பத்து மணிபோல தெரேஸ் அக்கா வந்தார். கொன்றையடி ஆள், அவர் கணவர் மடுத்தீன் அண்ணைதான் கொன்றையடிச் சங்கத்துத் தலைவர். கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்தபடி, “உங்கடை மாஸ்டர் இனி எங்கடை பெடியளுக்கல்லோ பழக்கப் போறார்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

இவர் தராசில் வைத்த கையை எடுக்கவில்லை. அவ்வளவு கத்தரிக்காயும் இவர் கைப் பாரத்தோடு நிறுபட்டது.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கக் கதை. முடிவெட்டுகிற கடை, தொலைபேசிக் கடை, கொத்துரொட்டிக் கடை எல்லாவற்றுக்கும் இவர் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்: “துரோகி! அதுவும் கொன்றையடியானுக்கு!”

அந்தக் கொன்றையடியாள் ஒருத்தி உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பது நினைவில்லை. அது கிடக்கட்டும். அந்த மனுசன் புளியந்துறையும் இல்லை, கொன்றையடியும் இல்லை. துரோகம் செய்வதற்கும் முதலில் ஏதாவது ஒரு ஊர்க்காரனாக இருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குத் தெம்பும் இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

பந்தோ கிண்ணமோ எனக்குக் கவலை இல்லை. எனக்குப் பயம் மகன் கிருஷியை நினைத்து.

இரண்டு வருடத்துக்கு முதல் அவன் லிசே என்கிற உயர்பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்தான். நான் கெஞ்சினேன், இவர் கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. எமில் மாஸ்டர்தான் சார்செலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, அவன் கட்டில் ஓரத்தில் இருந்து, பிரெஞ்சில் ஏதோ மெல்லமாய்ச் சொல்லிப் பயிற்சிக்குக் கூட்டிப் போவார். புத்தி சொன்னதாகத் தெரியவில்லை. ‘நடுவில் ஆட ஆள் இல்லை, வா’ என்பாராம். பிறகு எரிக் என்ற தனக்குத் தெரிந்த மின்சார வேலைக்காரரிடம் தொழில் பழக விட்டார். பெடியன் எழும்பினான். இப்போது அணிக்குத் தலைவனும் அவன்தான்.

இன்று வேலை முடிந்து வந்தவன் காலணிப் பையைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னான்: மாஸ்டர் இல்லாவிட்டால் நானும் இல்லை. கதவைச் சாத்திவிட்டான்.

எனக்கு அந்தக் கதவைத் தெரியும். கடவுளே, திரும்பவும் அந்தக் கதவு வேண்டாம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இவரே பழக்கப் போனார். புது விசில், புதுத் தொப்பி. எட்டுப் பெடியன்கள் வந்தார்கள். ஒருவனின் பெயரும் இவருக்குத் தெரியாது; “டேய் சிவத்தின்ரை மகன், ஓடு! டேய் பேதுருவின்ரை மருமகன், நில்!” என்று தகப்பன், மாமன் பெயரில் ஆட்டம் நடந்ததாம். அரை மணித்தியாலத்தில் இவருக்கே மூச்சு வாங்கிவிட்டது. வந்து மூட்டுக்கு எண்ணெய் பூசச் சொன்னார். பூசினேன். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சங்கம் இல்லாவிட்டால் இந்த மனுசனுக்குக் கடையும் கட்டிலும் மட்டும்தான்.

பெப்ரவரி 22, சனி

ஸ்டாலின்கிராட் மெற்றோவில் இறங்கச் சொல்லி எமில் மாஸ்டர் போன் பண்ணினார். பயிற்சிச் சாமான்களை ஒப்படைக்க வேண்டுமாம். கடைக்கு வர மனமில்லையாம். கால்வாய்ப் பக்கம் ஒரு கபேயில் இருந்தோம். ஒரு பெரிய பை. பந்துகள், ஊதும் பம்ப், விசில். அடியில், மடித்தபடி அந்தப் பொன்னாடை.

“கோபமா மாஸ்டர்?”

“கோபம் இல்ல மதாம் கோசலை. களைப்பு.” கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், சீனி போடாமல். “ஆறு வருஷம். மைக்ல நான் யாருன்னு சொல்லணும்னா, முதல்ல நான் யார் இல்லன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. கொன்றையடிக்காரங்க வந்து, எங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுங்கன்னு கேட்டாங்க. கேட்டாங்க, அவ்வளவுதான். இங்க யாரும் என்னைக் கேட்டதே இல்ல, வருவாரு வருவாருன்னே இருந்துட்டாங்க.”

அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு யாரோ என் கதையைச் சொன்னதுபோல் இருந்தது.

“கிருஷியை விட்டிடாதேங்கோ” என்றேன்.

“நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா, பையனைத் திருடிட்டான்னு உங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. அவனா வந்தா போன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க ரூல் இருக்கே மதாம். அப்பா ஊருக்குத்தான் ஆடலாம், இல்லன்னா அம்மா ஊருக்கு. அம்மா ஊர்னா அம்மா நேர்ல வந்து பதிவு மேசை முன்னாடி நின்னு சொல்லணுமாமே?”

ஓம். ஊர் மாற்றிப் பொய் சொல்லி ஆட்களை இறக்கிய காலத்தில் போட்ட விதி. போட்டவர்களில் இவரும் ஒருவர்.

மார்ச் 1, சனி

கிருஷி குசினிக்குள் வந்து பிரெஞ்சில் கேட்டான்: “அம்மா, நீங்கள் எந்த ஊர்?”

பத்தொன்பது வயது. இதுவரை கேட்டதில்லை. குற்றம் சொல்ல முடியாது; வீட்டில் ஊர் என்றால் ஒரே ஊர்தான்.

“கொன்றையடி” என்றேன்.

“அப்ப நானும்?”

அடுப்புப் பக்கம் திரும்பினேன். பால் பொங்கிவிட்டது.

மார்ச் 5, புதன்

நான் பதிவு மேசைக்குப் போகப்போவதில்லை. யார் இந்த ஆம்பிளைகளின் சண்டைக்குள் தலை கொடுப்பது? இவர் முகத்துக்கு முன்னால் நின்று... முடியாது. எனக்கு நித்திரை வேணும், வேறை ஒண்டும் வேண்டாம்.

மார்ச் 13, வியாழன்

எரிக் போன் பண்ணினார். கிருஷி மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லையாம். காலையில் என்னோடுதான் ரயில் ஏறுகிறான். எங்கே போய் இருக்கிறானோ தெரியாது.

இவருக்குச் சொன்னேன். “பந்து விளையாடாட்டி செத்தே போவான்? வேலைக்குப் போகச் சொல்லு.”

“நீங்கள் போய் மாஸ்டரிட்டை ஒரு சொல் மன்னிப்பு எண்டு...”

“நானோ? போனது அவர். ஓடிப் போனவனிட்டை நான் போய் மன்னிப்புக் கேக்கவோ?”

நாளை மறுநாளைக்கு மறுநாள் பதிவு நாள்.

மார்ச் 16, ஞாயிறு

போனேன்.

லா சப்பலில் சங்கங்கள் வாடகைக்கு எடுக்கிற அதே மண்டபம். நீள மேசை, நடுவில் போட்டிக் குழுப் பெரியவர் ஸ்ரீபன், இரண்டு பக்கமும் எல்லாச் சங்கத் தலைவர்களும். இவர் இடது பக்கத்தில், நான் காலையில் அழுத்திக் கொடுத்த சேட்டோடு. நான் றோல்ஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, வைக்கச் சொல்லிக் கையால் மூலையைக் காட்டினார்.

நான் மூலைக்குப் போகவில்லை. கிருஷியோடு வரிசையில் நின்றேன். கொன்றையடி வரிசையில்.

எங்கள் முறை வந்தது. மண்டபத்தில் சத்தம் அடங்கியது. ஸ்ரீபன் அண்ணைக்கு இருபது வருடமாக என்னைத் தெரியும், என் றோல்ஸைத் தின்றவர். ஆனாலும் விதி விதிதானே, எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

“எந்தக் கல்லூரி?”

“கொன்றையடி.”

“படிச்சதுக்கு என்ன அத்தாட்சி தங்கச்சி? கல்லூரி வாசலுக்கு முன்னாலை என்ன இருந்தது?”

இவர் குனிந்து மேசையைப் பார்த்தபடி இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. இருபத்திரண்டு வருடத்து எரிச்சல்.

“சைக்கிள் திருத்துற கடை” என்றேன். “பள்ளிக்கூடம் விடுற நேரம் காத்தடிக்கிற சாட்டிலை புளியந்துறைப் பெடியன் ஒருத்தன் தினமும் அங்கை வந்து நிப்பான். சைக்கிளிலை காத்து நிறையத்தான் இருக்கும். அந்தா, உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறார், அவரைக் கேளுங்கோ.”

மண்டபம் சிரித்த சிரிப்பு! மடுத்தீன் அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார். ஸ்ரீபன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “தலைவர், உண்மையோ?” என்று கேட்டார்.

இவர் நிமிரவில்லை. “ஓம்” என்றார். மெல்லமாக.

கிருஷியின் பெயரை எழுதினார்கள். பின்வரிசையில் எமில் மாஸ்டர் எழும்பி நின்றதைக் கண்டேன். நான் வெளியே வந்து, பழக்கடை வாசலில் நின்று அழுதேன். வெட்கமா, சந்தோசமா என்று கேட்டால் தெரியாது. களைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 17, திங்கள்

கிருஷி வேலைக்குப் போனான். எரிக் சொன்னார்.

மார்ச் 29, சனி

இவர் என்னோடு கதைப்பதில்லை. எல்லாம் மகன் மூலம். “உன்ரை அம்மாவைக் கேள், உப்பு எங்கை எண்டு.” நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரெஞ்சில் கேட்கிறான், நான் தமிழில் சொல்கிறேன். உப்பு இவருக்கு இரண்டு மொழி தாண்டிப் போய்ச் சேர்கிறது.

கடையிலும் அப்படியே. வந்தவர்கள் சைக்கிள் கடைக் கதை கேட்டால் உள்ளே போய்விடுகிறார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ? அந்த நேரத்தில் வேறை என்னத்தைச் சொல்லுறது? அந்த வாசலிலை வேறை ஒண்டும் என்ரை நினைவிலை நிக்கேல்லையே.

ஏப்ரல் 27, ஞாயிறு

புளியந்துறை இந்த வருடம் ஆடவில்லை. பெடியன்கள் சேரவில்லை, மூன்று பேர் தாயின் ஊர் அணிகளுக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் வரவே இல்லை. இவர் தானே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் காரணமா? எமில் மாஸ்டர் காரணமா? அந்தப் பொன்னாடையா? இவரைக் கேட்டால் என்னைச் சொல்வார். கேட்க வழியில்லை, மகன் பயிற்சியில்.

மே 4, ஞாயிறு

தோய்க்கிற மெஷினுக்கு வேலை இல்லை. கொன்றையடிக்காரர் ஜேர்சிகளைச் சலவைக் கடையில் கொடுத்துத் தோய்க்கிறார்கள். இவர் வீட்டில், நானும் வீட்டில். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

இவர் நீல ஜேர்சிகளைத் தேடி அலுமாரியைக் குடைந்தார். மாஸ்டரின் பை கையில் அகப்பட்டது. பொன்னாடையை விரித்துப் பார்த்தார். யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். அந்த மஞ்சளும் எண்ணெயும் எண்ணெயின் ஓரத்து வளையமும் நன்றாகத் தெரிந்தன.

“இது தோய்க்கேல்லையோ?” என்று அலுமாரியைக் கேட்டார்.

“தோய்ச்சது. ரெண்டு தரம். போகேல்லை” என்று நான் சுவருக்குச் சொன்னேன்.

கட்டிலில் இருந்துவிட்டார். அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். சாப்பிடக் கூப்பிட மகன் வீட்டில் இல்லை. நான் சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இறுதியாட்டம். கொன்றையடி வென்றது. கிருஷி கோல் அடிக்கவில்லை, ஆனால் அடித்தவனுக்குப் பந்து கொடுத்தவன் அவன். எனக்குப் பந்தாட்டம் தெரியாது. இத்தனை வருடமாக மைதானத்தில் தேத்தண்ணீர்ப் பானைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன். இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒலிபெருக்கியில், “எங்கடை கோசலையின்ரை மகன் கிருஷிகன்” என்றார்கள். பக்கத்தில் நின்ற தெரேஸ் அக்கா என் முதுகில் தட்டினார்.

இவர் வரவில்லை.

எமில் மாஸ்டருக்குப் புத்தம் புதுப் பொன்னாடை. மடுத்தீன் அண்ணை மைக்கைப் பிடித்தார்: “எங்கடை ஊர் இல்லாட்டியும்...” மாஸ்டர் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு வந்து சொன்னார்: “அதே மைக் மதாம். ஆள்தான் வேற.” சிரிப்பில் பெரிய சந்தோசம் இல்லை. முழங்கால் வலிக்கிறதாம். அடுத்த வருடம் பற்றிக் கேட்டேன், தோளைக் குலுக்கினார்.

கிண்ணத்தை எங்கே வைப்பது என்று ஒரு பிரச்சினை. கொன்றையடியாருக்கு லா சப்பலில் கடை இல்லை. மடுத்தீன் அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். கிருஷி கிண்ணத்தைக் காரின் பின்சீற்றில் வைத்து, பட்டியும் போட்டுவிட்டான். வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இப்போது சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

இவர் சப்பாத்துப் போடும்போது கிண்ணத்தைக் கண்டார். மகனிடம் சொன்னார்: “கடையிலை அந்தத் தட்டு சும்மாதான் கிடக்குது.” அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஜூலை 5, சனி

கடைக்குப் போக நேரமாகிவிட்டது, ரயில் பிந்தி. உள்ளே போனதும் முதலில் மேலே பார்த்தேன். அரிசி மூட்டைகளுக்கு மேலே, பழைய இடத்தில் கிண்ணம். யாரோ மினுக்கியிருக்கிறார்கள். நான் மினுக்கவில்லை. கிருஷிக்கு மினுக்கத் தெரியாது.

நல்ல சனம். நான் மரக்கறிப் பக்கம், இவர் கல்லாவில். தலைமயிர் நரைத்த ஒருவர், நான் காணாத ஆள், காசு கொடுக்கும்போது மேலே பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன தவரத்தினம் அண்ணை, இந்த முறையும் நீங்களோ?”

என் கை நின்றுவிட்டது.

“இல்லை” என்றார் இவர், மிச்சக் காசை எண்ணியபடி. “அது என்ரை மனுசியின்ரை ஊர்க் கப்.”

“அக்கா எந்த ஊர்?”

“கொன்றையடி.” அந்தப் பெயரை இவர் வாயால் வசவில்லாமல் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. “கல்லூரிக்கு முன்னாலை ஒரு சைக்கிள் கடை இருந்தது, தெரியுமோ?”

அந்த மனுசனுக்குத் தெரியாது. காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை கத்தரிக்காய்ப் பையை நீட்டிக்கொண்டு நின்றது. தராசில் வைத்துவிட்டேன், விலை வாயில் வரவில்லை. சனிக்குச் சனி சொல்கிற விலை!

“இஞ்சாருங்கோ, கத்தரிக்காய் என்ன விலை?” என்று கேட்டேன்.

திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.